மார்பைத் திறக்காமல் இதயத்தை அறிதல்

மனித இதயம் ஏறத்தாழ 300 கிராம் எடையுள்ள தசைப் பை. ஓய்வில் இருக்கும் வளர்ந்த ஒருவரிடம் அது நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடித்து, நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் அளவில் ரத்தத்தை உடலெங்கும் அனுப்புகிறது. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவில், நுரையீரல்கள் இருபுறமும் சூழ, ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் இந்த உறுப்பை நிறுத்திவைத்துச் சோதிக்க வழி இல்லாததால், அதன் நோய்களில் பல நோயாளி இறந்து, பிணக்கூறு ஆய்வு நடந்த பின்னரே தெளிவாகத் தெரிந்தன. உயிரோடிருப்பவரின் இதயத்தை அறிவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. துடிப்பைத் தொடங்கிப் பரப்பும் மின் ஏற்பாடு, சுருங்கி விரியும் தசை, ரத்தம் பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் வால்வுகள், அந்தத் தசைக்கே ரத்தம் ஊட்டும் கரோனரி தமனிகள் என நான்கு ஏற்பாடுகள் அதற்குள் பிணைந்து இயங்குகின்றன. இவற்றில் ஒன்று பழுதாகியிருக்கையில் மற்றவை சில காலம் நலமாகவே இருக்கக்கூடும். எனவே ஒரு சோதனை எதைக் காட்டுகிறது என்பதோடு, எதைக் காட்டவே காட்டாது என்பதையும் அறிந்திருப்பவரே இதய நோயைச் சரியாகக் கணிக்கிறார். கடந்த இருநூறு ஆண்டுகளில் இதயத்துக்கென உருவான கருவிகளின் வரலாற்றை இந்தக் கண்கொண்டு பார்த்தால்தான், ஒன்று வந்த பின்னும் அடுத்தது ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

ரத்தம் இதயத்திலிருந்து புறப்பட்டு இதயத்துக்கே திரும்புகிறது என்பதை ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். 1816இல் பாரிஸ் நகரின் நெக்கர் மருத்துவமனையில் பணியாற்றிய ரெனே லேனெக், காகிதச் சுருளை நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டு, பின்னர் அதையே மரக்குழலாகச் செய்து ஸ்டெதாஸ்கோப்பைத் தந்தார். வால்வுகள் மூடும்போது எழும் ஒலிகளையும், குறுகிய அல்லது கசியும் வால்வு வழியே ரத்தம் பாய்கையில் எழும் முணுமுணுப்பு ஒலிகளையும் கேட்டே நோயை ஊகிக்கும் கலை அடுத்த நூறாண்டுகளில் வியக்கத்தக்க நுட்பத்தை எட்டியது. ஆனால் அந்த நுட்பம் மருத்துவரின் காதோடு பிறந்து காதோடு மறைந்தது. ஒருவர் கேட்டதை இன்னொருவர் சரிபார்க்கவும், நேற்றைய இதயத்தை இன்றைய இதயத்தோடு ஒப்பிடவும் உதவும் பதிவு எதுவும் கிடைக்கவில்லை.

அத்தகைய பதிவு முதலில் மின்சாரத்திலிருந்து வந்தது. இதயத் தசையின் ஒவ்வொரு செல்லும் தன் சவ்வின் இருபுறமும் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகளை வெவ்வேறு அளவில் பிரித்து வைத்திருக்கிறது. துடிப்புக்கான தூண்டல் வந்ததும் சவ்வின் வாயில்கள் திறந்து அயனிகள் இடம் மாற, செல்லின் மின்னழுத்தம் நொடியின் சிறு பின்னத்தில் தலைகீழாகிறது. வலது மேலறையின் மேற்பகுதியிலுள்ள சைனஸ் கணுவில் தொடங்கும் இந்த மாற்றம் மேலறைகளில் பரவி, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள கணுவில் ஏறத்தாழ நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்து, அதன்பின் தனி நார்களின் வழியே கீழறைகளுக்குள் விரைந்து இறங்குகிறது. அந்தத் தாமதம் வீணானதன்று. மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்பி முடிக்க அது அவகாசம் தருகிறது. உடல் உப்புக் கரைசலால் ஆனது என்பதால் இந்த மின் மாற்றத்தின் மெல்லிய நிழல் தோல்வரை வந்து சேர்கிறது; அங்கே அதன் அளவு ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தவளையின் இதயம் துடிக்கும்போதெல்லாம் மின்னோட்டம் எழுகிறது என்பதைக் கோலிக்கரும் முல்லரும் 1856இலேயே காட்டிவிட்டார்கள். மனிதரின் தோலிலிருந்து அதைப் பதிவு செய்தவர் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையின் அகஸ்டஸ் வாலர். 1887இல் அவர் பயன்படுத்திய நுண்குழல் மின்னளவியில், கண்ணாடிக் குழலுக்குள் இருக்கும் பாதரசத்தின் விளிம்பு மின்னழுத்தத்துக்கேற்ப ஏறி இறங்கும். தம் வளர்ப்பு நாய் ஜிம்மியின் பாதங்களை உப்பு நீர் நிறைந்த பாத்திரங்களில் நிற்கவைத்து அவர் நடத்திக் காட்டிய சோதனைகள் பெயர் பெற்றவை. எனினும் பாதரசம் கனமானது. இதயத்தின் விரைவான மின் மாற்றங்களை அது பின்தொடர்ந்து ஓடுவதற்குள் அவை முடிந்துவிடும். மருத்துவமனைகளில் இந்தப் பதிவு பெரிதாகப் பயன்படும் என்று வாலரே தொடக்கத்தில் கருதவில்லை.

1889இல் பாசல் நகரில் நடந்த உடலியங்கியல் மாநாட்டில் வாலரின் சோதனையைப் பார்த்தவர்களுள் ஒருவர் வில்லெம் ஐந்தோவன். அன்றைய டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில், ஜாவாவின் செமராங் நகரில் 1860இல் பிறந்து, நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் 25 வயதிலேயே பேராசிரியரானவர் அவர். பாதரசத்தின் மந்தத்தைக் கணக்கிட்டுத் திருத்தி, உண்மையான அலை எப்படி இருந்திருக்கும் என்று முதலில் தாளில் வரைந்தார். அந்தத் திருத்திய அலையின் ஐந்து திருப்பங்களுக்கு அவர் 1895இல் சூட்டிய பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற எழுத்துகளே இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் கணக்குப் போட்டுத் திருத்துவது மருத்துவத்துக்கு உதவாது என்பதால், திருத்தமே தேவைப்படாத கருவி ஒன்றைக் கட்டத் தொடங்கினார்.

இழைக் கால்வனாமீட்டர் என்ற அந்தக் கருவியின் உயிர்நாடி, சில மைக்ரோமீட்டரே பருமனுள்ள குவார்ட்ஸ் இழை. உருகிய குவார்ட்ஸை அம்பின் வாலில் ஒட்டி அம்பை எய்தால், பின்னால் இழுபட்டு நீளும் குவார்ட்ஸ் கண்ணுக்குத் தெரியாத நூலாக உறையும். அந்த நூலுக்கு வெள்ளிப் பூச்சிட்டு, வலிய மின்காந்தத்தின் இரு முனைகளுக்கும் நடுவில் தொங்கவிட்டார். இதயத்தின் மின்னோட்டம் இழையில் பாயும்போது காந்தப்புலம் அதைப் பக்கவாட்டில் தள்ளும். இழை எடையற்றது என்னும்படி இலேசானதால், பாதரசத்தைப் போலப் பின்தங்காமல் உடனுக்குடன் அசையும். அந்த அசைவின் நிழலை உருப்பெருக்கி, நகரும் ஒளிப்படத் தட்டின் மேல் விழச் செய்தால் இதய மின்னலை வரைவு, இன்றைய பேச்சு வழக்கில் ஈசிஜி, கிடைத்துவிடும். மின்காந்தம் சூடாகாமலிருக்க நீர் சுற்றி ஓடியது; மொத்தக் கருவி ஏறத்தாழ 270 கிலோ எடையோடு அறைகளை அடைத்துக்கொண்டு நின்றது; அதை இயக்க ஐந்து பேர் வேண்டியிருந்தது; நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர் வாளிகளில் அமிழ்த்தியபடி உட்கார்ந்திருந்தார். இவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாது என்பதால், 1905இல் ஐந்தோவன் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையையும் தம் ஆய்வகத்தையும் தொலைபேசிக் கம்பியால் இணைத்து, அங்கே படுத்திருந்த நோயாளிகளின் துடிப்பை இங்கே பதிவு செய்தார். 1924இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அத்தனை பெரிய கருவி செய்த வேலையை இன்று மேசை மேலிருக்கும் சிறு பெட்டி செய்துவிடுகிறது. அதிலிருந்து வெளிவரும் வரைவின் அளவு முறையும் ஐந்தோவன் வழியில் வந்ததே.

அந்த வரைவுத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்புக் கட்டங்கள் தெரியும். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம் 0.04 நொடியையும், ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடியையும் குறிக்கும். மேல்நோக்கிப் பத்து மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லிவோல்ட். முதலில் எழும் சிறு மேடான பி அலை மேலறைகள் தூண்டப்படுவதையும், கூர்மையாக உயர்ந்து இறங்கும் க்யூஆர்எஸ் தொகுப்பு கீழறைகள் தூண்டப்படுவதையும், அதன்பின் வரும் உருண்ட டி அலை கீழறைகள் மீண்டும் ஓய்வு நிலைக்குத் திரும்புவதையும் காட்டுகின்றன. பி அலையின் தொடக்கத்திலிருந்து க்யூஆர்எஸ் தொடங்கும் வரையிலான இடைவெளி மூன்று முதல் ஐந்து சிறு கட்டங்களுக்குள் இருப்பது இயல்பு. அது நீண்டால் மேலறையிலிருந்து கீழறைக்கான மின் வழி மந்தமாகியிருக்கிறது என்று பொருள். பி அலைகளே காணாமல் போய், க்யூஆர்எஸ் கூர்முனைகள் ஒழுங்கின்றி, ஒன்றுக்கொன்று இடைவெளி மாறிமாறி விழுந்தால் மேலறைகள் சுருங்காமல் நடுங்குகின்றன; மேலறை நடுக்கம் என்ற இந்த நோயை லண்டனின் தாமஸ் லூயிஸ் 1909இல் ஈசிஜியைக் கொண்டு அடையாளம் காட்டினார்.

ஒரே ஈசிஜியில் பன்னிரண்டு வரைவுகள் ஏன் எடுக்கப்படுகின்றன என்ற கேள்வி இயல்பானது. ஐந்தோவன் இரு கைகளையும் இடது காலையும் முனைகளாகக் கொண்டு மூன்று திசைகளில் பதிவு செய்தார். 1930களில் ஃபிராங்க் வில்சன் வகுத்த முறையால் மார்பின் மேல் ஆறு இடங்களிலிருந்து பதிவு செய்வது வழக்கமானது. 1942இல் இமானுவேல் கோல்ட்பெர்கர் மேலும் மூன்றைச் சேர்த்தார். நடப்பது ஒரே துடிப்புதான். ஆயினும், ஒரே தேரின் அசைவை நான்கு மாட வீதிகளிலும் நின்று காண்பவர்களுக்கு அதன் வெவ்வேறு பக்கம் தெரிவது போல, ஒவ்வொரு வரைவும் இதயத்தின் ஒரு பக்கத்தை நேரெதிரில் நின்று பார்க்கிறது. கால் பக்கத்து வரைவுகள் இதயத்தின் அடிச்சுவரையும், மார்பின் முதல் நான்கு வரைவுகள் இடைச்சுவரையும் முன்சுவரையும் காட்டுவதால், மாற்றம் எந்த வரைவுகளில் விழுகிறது என்பதைக்கொண்டே எந்தக் கரோனரி தமனி அடைபட்டிருக்கிறது என்று மருத்துவர் ஊகித்துவிடுகிறார்.

மாரடைப்பு என்பது கரோனரி தமனியில் ரத்தம் உறைந்து அடைத்து, அதை நம்பியிருந்த தசை சாகத் தொடங்குவது. அடைப்பு ஏற்பட்ட எல்லோரும் உடனே இறப்பதில்லை, பலர் பிழைக்கிறார்கள், ஆகவே உயிரோடிருக்கும்போதே இதைக் கண்டறிய முடியும் என்று சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் 1912இல் எழுதினார். 1920இல் நியூயார்க்கின் ஹரால்ட் பார்டி, அத்தகைய நோயாளியின் ஈசிஜியில் க்யூஆர்எஸுக்கும் டி அலைக்கும் இடைப்பட்ட பகுதி அடிக்கோட்டிலிருந்து மேலே தூக்கி நிற்பதைப் பதிவு செய்தார். எஸ்டி உயர்வு எனப்படும் இந்த மாற்றம், ரத்தம் கிடைக்காத செல்களுக்கும் நலமான செல்களுக்கும் இடையே நிலவும் மின்னழுத்த வேறுபாட்டால் உண்டாகிறது. பெரிய தமனி ஒன்று முழுதாக அடைபட்டிருப்பதன் மிக அவசரமான அறிகுறி அது. உறைவைக் கரைக்கும் மருந்தோ, தமனிக்குள் பலூனை விரித்து வழி திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டியோ அந்தக் கணத்திலிருந்தே நேரத்தோடு போட்டியிடுகின்றன.

ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் மருத்துவத் தாளும் இதுவே. 'ஈசிஜி நார்மல், இதயத்தில் ஒன்றுமில்லை' என்று சொல்லிப் பரணில் எடுத்து வைக்கப்படும் அந்தத் தாள், எடுக்கப்பட்ட பத்து நொடிகளில் இதயத்தின் மின்சாரம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. கரோனரி தமனி முக்கால்வாசி குறுகியிருந்தாலும், ஓய்வில் தசைக்குப் போதுமான ரத்தம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை வரைவில் எந்த மாற்றமும் தெரியாமலிருக்கலாம். இதயத்தின் பின்சுவரைப் பார்க்கும் வரைவு வழக்கமான பன்னிரண்டில் நேரடியாக இல்லை. தமனி முழுதாக அடைபடாமல் பகுதியாக அடைபட்டு நேரும் மாரடைப்புகளில் எஸ்டி உயர்வே இருக்காது. தசை எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வு எவ்வளவு திறக்கிறது என்பவற்றை அளக்கும் வேலையே ஈசிஜிக்கு உரியதன்று.

அந்த வேலைக்கு இதயத்துக்குள் நிலவும் அழுத்தத்தையும் அது வெளித்தள்ளும் ரத்தத்தின் அளவையும் அறிய வேண்டும். பிந்தையதற்கான கணக்கை ஜெர்மானிய உடலியங்கியலாளர் அடால்ஃப் ஃபிக் 1870இலேயே வகுத்திருந்தார். உடல் நிமிடத்துக்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனை நுரையீரல் வழியே எடுத்துக்கொள்கிறது என்றும், தமனி ரத்தத்தின் ஒவ்வொரு லிட்டரிலும் 200 மில்லிலிட்டர், இதயத்துக்குத் திரும்பும் சிரை ரத்தத்தின் ஒவ்வொரு லிட்டரிலும் 150 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது என்றும் கொண்டால், நுரையீரலைக் கடக்கும் ஒவ்வொரு லிட்டரும் 50 மில்லிலிட்டரைச் சுமந்து செல்கிறது. 250 மில்லிலிட்டரைச் சுமக்க ஐந்து லிட்டர் கடந்திருக்க வேண்டும். அந்த ஐந்து லிட்டரே இதயத்தின் ஒரு நிமிட வெளியீடு. கணக்கு எளிது, ஆனால் உடல் முழுவதிலிருந்தும் திரும்பிக் கலந்த சிரை ரத்தம் இதயத்தின் வலப்பக்கத்துக்குள்தான் கிடைக்கும் என்பதால், உயிருள்ள மனிதரின் இதயத்துக்குள் குழாயைச் செலுத்தத் துணிவோர் இல்லாமல் அறுபது ஆண்டுகள் அது கணக்காகவே கிடந்தது. குதிரைகளின் இதயத்துக்குள் குழாய் செலுத்தி அழுத்தம் அளந்த பிரெஞ்சு ஆய்வாளர்களின் வெற்றி மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தும், மனிதரிடம் அது உயிரைப் பறிக்கும் என்ற அச்சமே வென்றது.

1929இல் பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டே என்ற சிற்றூரின் மருத்துவமனையில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன், நின்றுபோகும் நிலையிலுள்ள இதயத்துக்கு மருந்தை நேரடியாகச் சேர்க்க இந்த வழி உதவும் என்று நம்பினார். தம் மீதே சோதித்துப் பார்க்க அனுமதி கேட்டபோது மேலதிகாரி மறுத்துவிட்டார். கருவிகளின் சாவியை வைத்திருந்த செவிலியர் கெர்டா டிட்சென் தம் உடலிலேயே சோதனையைச் செய்யச் சொல்ல, ஃபோர்ஸ்மன் அதற்கு ஒப்புக்கொண்டவர் போல அவரை மேசையில் படுக்கவைத்துக் கட்டிவிட்டு, தம் இடது முழங்கையின் மடிப்பில் தாமே மரப்பு ஊசி போட்டுக்கொண்டு, சிரையைத் திறந்து, சிறுநீர்க்குழாய்க்கெனச் செய்யப்பட்ட மெல்லிய ரப்பர் வடிகுழாயை உள்ளே தள்ளத் தொடங்கினார். குழாய் கையிலிருந்து தொங்க, கட்டவிழ்க்கப்பட்ட செவிலியரோடு படியிறங்கி எக்ஸ்ரே அறைக்குச் சென்று, திரையைப் பார்த்தபடியே அதை மேலும் தள்ளி, ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உள்ளே சென்ற நுனி வலது மேலறையில் நிற்பதைப் படமெடுத்துக்கொண்டார். இதயம் நிற்கவில்லை, வலியும் இல்லை. அன்றைய ஜெர்மன் மருத்துவ உலகம் அதைப் பாராட்டவில்லை. பெர்லினின் பெரிய மருத்துவமனையில் கிடைத்த இடமும் நிலைக்காமல், அவர் பின்னாளில் சிறுநீரியலுக்கு மாறி, சிற்றூர் மருத்துவராக வாழ்ந்தார். 1932இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர் என்பதும் அவர் வாழ்க்கையின் பகுதி. அறிவியல் துணிவை வைத்து ஒருவரின் மற்ற தேர்வுகளுக்கு நற்சான்று வழங்க முடியாது.

நியூயார்க்கின் பெல்வ்யூ மருத்துவமனையில் ஆந்த்ரே கூர்னானும் டிக்கின்சன் ரிச்சர்ட்ஸும் 1940களில் அந்த எக்ஸ்ரே படத்தை முறையான அளவீடாக வளர்த்தனர். நுனி வலது மேலறையில் நிற்கையில் ஓர் அழுத்தம், வலது கீழறையில் நிற்கையில் இன்னொன்று, நுரையீரல் தமனியில் வேறொன்று என்று எண்கள் கிடைத்தன. ஃபிக்கின் கணக்குக்கு வேண்டிய ரத்தம் கிடைத்தது. மூச்சுத்திணறலோடு வரும் நோயாளியிடம் குறை நுரையீரலிலா, வால்விலா, தசையிலா என்று பிரித்தறிய முடிந்தது. 1956இல் அவ்விருவரோடு ஃபோர்ஸ்மனுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அடுத்த எல்லை கரோனரி தமனிகள். எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தை நேராகக் கரோனரி தமனிக்குள் செலுத்தினால் இதயத் துடிப்பு சீர்குலைந்து நோயாளி இறந்துவிடுவார் என்று எல்லோரும் நம்பியிருந்த காலத்தில், 1958 அக்டோபரில் கிளீவ்லாந்து கிளினிக்கின் மேசன் சோன்ஸ், வால்வு நோயுள்ள இளைஞர் ஒருவரின் பெருந்தமனியில் சாயம் செலுத்த முனைகையில், குழாயின் நுனி எதிர்பாராமல் வலது கரோனரி தமனிக்குள் நழுவி, சாயம் முழுவதும் அதனுள் பாய்ந்துவிட்டது. சில நொடிகள் நின்ற இதயம், நோயாளி இருமியதும் மீண்டும் துடித்தது. தமனியின் கிளைகள் அத்தனையும் திரையில் தெளிவாகத் தெரிந்ததைக் கண்ட சோன்ஸ், குறைந்த அளவு சாயத்தோடு இதையே வேண்டுமென்றே செய்யலாம் என்று உணர்ந்தார். பேச்சு வழக்கில் ஆஞ்சியோ எனப்படும் கரோனரி ஆஞ்சியோகிராம் அங்கிருந்துதான் பிறந்தது. புறவழி அறுவை சிகிச்சைக்கும், 1977இல் ஆந்த்ரேயாஸ் குரூயன்ட்சிக் சூரிக் நகரில் செய்த முதல் பலூன் சிகிச்சைக்கும் அதுவே வழிகாட்டும் வரைபடமானது.

எனினும் ஆஞ்சியோ காட்டுவது தமனியின் உள்வடிவத்தை மட்டுமே. படத்தில் பாதியளவு குறுகித் தெரியும் இடம் தசைக்கு ஓடும் ரத்தத்தை உண்மையில் குறைக்கிறதா என்பது படத்தைப் பார்த்து எப்போதும் சொல்லக்கூடியதன்று. இதற்காக 1990களில் நிகோ பேய்ல்ஸ், பெர்னார்ட் டி பிராய்ன் ஆகியோர் வளர்த்த முறையில், அழுத்தம் அளக்கும் நுண்கம்பியைக் குறுகிய இடத்துக்கு அப்பால் செலுத்தி, மருந்தால் ரத்த ஓட்டத்தை உச்சத்துக்கு ஏற்றி, அப்பாலுள்ள அழுத்தத்தை இப்பாலுள்ளதோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.80க்கு மேல் இருந்தால் குறுகல் கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும், அங்கே ஸ்டென்ட் எனப்படும் உலோக வலைக்குழாயை வைப்பதால் பெரும்பாலும் பயனில்லை. 'எழுபது சதவீத அடைப்பு' என்ற ஒற்றை எண்ணைக் கேட்டே அஞ்சி நடுங்கும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வது மருத்துவரின் கடமை.

குழாயே செலுத்தாமல் இதயத்தின் அசைவைக் காணும் வழி ஸ்வீடனின் லுண்ட் நகரில் தொடங்கியது. ருமாட்டிக் காய்ச்சலில், அதாவது குழந்தைப் பருவத்துத் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து உடலின் எதிர்ப்பாற்றல் தன் வால்வுகளையே தாக்கும் நோயில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு தடித்து ஒட்டிக்கொள்கிறது. இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் திறக்கும் வாயில் ஒன்றரைக்கும் கீழே சுருங்க, ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டுகிறது. யாருக்கு அறுவை சிகிச்சை தேவை என்று முடிவெடுக்க வேண்டியிருந்த மருத்துவர் இங்கெ எட்லர், இயற்பியலாளர் ஹெல்முட் ஹெர்ட்ஸை அணுகினார். உலோகத்திலுள்ள விரிசல்களைக் கண்டறியக் கப்பல் கட்டும் தளங்களில் பயன்பட்டுவந்த மீயொலிக் கருவியை, அதாவது மனிதக் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியைப் பிடிக்கும் கருவியை, ஹெர்ட்ஸ் தம் மார்பில் வைத்துப் பார்த்தபோது திரையில் ஓர் எதிரொலி துடிப்போடு சேர்ந்து நகர்ந்தது. 1953 அக்டோபரில் இருவரும் அதைப் படமாகப் பதிவு செய்தார்கள்.

அந்த எதிரொலி எதிலிருந்து வருகிறது என்பது முதலில் அவர்களுக்கே தெரியவில்லை. இடது மேலறையின் சுவரென்று எண்ணியிருந்தனர். பின்னர், இறந்துபோன நோயாளிகளின் மார்பில், ஒலிக்கற்றை சென்ற அதே திசையில் கூரிய கம்பியைச் செலுத்திப் பார்த்தபோது, அது துளைத்தது ஈரிதழ் வால்வின் முன்னிதழை என்பது தெரிந்தது. நலமான வால்வில் அந்த இதழ் திறந்ததும் விரைந்து பின்வாங்கும். குறுகிய வால்வில் மெல்லச் சரியும். அந்தச் சரிவின் வேகத்தை அளந்தே எட்லர் நோயின் கடுமையைக் கணித்தார். ருமாட்டிக் வால்வு நோய் இந்தியாவிலும் இலங்கையிலும் இன்னும் முற்றிலும் ஒழியாத நிலையில், எக்கோ எனப்படும் இந்தச் சோதனை அதைக் கண்டறிவதில் ஆற்றும் பணி பெரிது.

எக்கோ தரும் எண்களுள் பலரும் அறிந்தது வெளித்தள்ளு விகிதம். விரிந்த இடது கீழறையில் 120 மில்லிலிட்டர் ரத்தம் நிரம்பி, சுருங்கி முடித்ததும் 50 மில்லிலிட்டர் எஞ்சினால், வெளியேறியது 70. விகிதம் ஏறத்தாழ 58 சதவீதம். 55க்குக் குறையாத எண்ணைப் பொதுவாக இயல்பென்று கொள்கிறார்கள். நூறு சதவீதத்தை எதிர்பார்த்து, அறிக்கையில் 60 என்று கண்டதும் கலங்கும் நோயாளிகள் உண்டு. எந்த இதயமும் தன்னை முற்றாகக் காலி செய்வதில்லை. மறுபுறம், இதயச் செயலிழப்பால், அதாவது உடலின் தேவைக்கேற்ப ரத்தம் அனுப்ப இயலாமையால், மூச்சு வாங்குவோரில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்த விகிதம் இயல்பாகவே இருக்கிறது. அவர்களுடைய தசை நன்றாகச் சுருங்குகிறது. விறைத்துப்போனதால் விரிந்து நிரம்பத்தான் மறுக்கிறது. வால்வைக் கடக்கும் ரத்தத்தின் வேகத்தை, எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு கணிக்கும் டாப்ளர் முறையில் அளந்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வால்வின் இருபுறத்து அழுத்த வேறுபாடு கிடைத்துவிடும் என்று 1970களில் நார்வேயின் யார்லே ஹோலனும் லிவ் ஹாட்லேயும் காட்டிய பிறகு, ஃபோர்ஸ்மனின் வழியில் குழாய் செலுத்தி அறிந்த பலவற்றைத் தோலின் மேலிருந்தே அறிய முடிகிறது.

இவை எதிலும் பிடிபடாத சிறு மாரடைப்பைக் காட்டிக்கொடுப்பது ரத்தச் சோதனை. தசையின் சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரோபோனின் என்ற புரதத்தை ஜப்பானின் செட்சுரோ எபாஷி 1960களில் கண்டறிந்தார். இதயத் தசைக்கே உரிய அதன் வடிவத்தை ரத்தத்தில் அளக்கும் முறையை ஜெர்மனியின் ஹூகோ காட்டூஸ் குழு 1980களின் இறுதியில் உருவாக்கியது. செல் உடைந்தாலன்றி இது ரத்தத்தில் பெருமளவு சேராது. ஆனால் மாரடைப்பு தொடங்கிய உடனே அளந்தால் இயல்பாகவே இருக்கலாம் என்பதால், சில மணி நேர இடைவெளியில் இரண்டாம் முறை அளந்து, அளவு ஏறுகிறதா என்று பார்ப்பது முறை. சிறுநீரகச் செயலிழப்பு, நுரையீரல் தமனி அடைப்பு, இதயத்தசை அழற்சி ஆகியவற்றிலும் அது உயரும். செல்லுக்குக் காயம் என்று சொல்லும் புரதம், காயம் எதனால் என்று சொல்வதில்லை.

ஆகவே சோதனைக்கு முன்பே மருத்துவர் திரட்டியிருக்கும் செய்திகள் சோதனையின் பொருளையே மாற்றிவிடுகின்றன. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 1948இல் 5,209 பேரோடு தொடங்கிய நெடுங்கால ஆய்வு, உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியவை இதய நோய்க்கு முன்னறிவிப்பு என்பதை நிறுவியது. நடக்கும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் விலகும் வலியோடு வரும் அறுபது வயதுப் புகைப்பழக்கக்காரரை ஓடுபட்டையில் நடக்கவைத்து ஈசிஜி எடுக்கும் ட்ரெட்மில் சோதனையில் எஸ்டி பகுதி தாழ்ந்தால், தமனி குறுகியிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். எந்தத் தொல்லையும் இல்லாத முப்பது வயதுப் பெண்ணுக்கு முழுவுடல் பரிசோதனைத் திட்டத்தில் அதே தாழ்வு தெரிந்தால், அது பெரும்பாலும் பொய் எச்சரிக்கை. அறிகுறியே இல்லாதவர்களுக்கு வரிசையாக எல்லாச் சோதனைகளையும் செய்து பார்ப்பது நலம் தரும் என்ற எண்ணம் பரவிவருகிறது. அது தேவையற்ற ஆஞ்சியோக்களுக்கு இட்டுச்செல்வதே மிகுதி.

அறிகுறி உள்ளவரிடம் நிலைமை நேர்மாறானது. அங்கே தாமதமே கேடு. தமிழ்நாட்டில் சிறிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸ்களையும் ஆஞ்சியோ வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்து, எடுத்த இடத்திலிருந்தே ஈசிஜியை அனுப்பிச் சிகிச்சையை முடிவு செய்யும் திட்டம் 2,420 நோயாளிகளிடம் ஆராயப்பட்டது. 2017இல் வெளியான அதன் முடிவின்படி, எஸ்டி உயர்வு மாரடைப்பு நேர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. ஐந்தோவன் தொலைபேசிக் கம்பியில் செய்ததன் நேர் வாரிசு இத்திட்டம். புதிய கருவி எதுவும் அதில் இல்லை, நூறாண்டுப் பழைய வரைவு உரிய நேரத்தில் உரியவர் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்ததுதான் வேறுபாடு.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமற்ற வியர்வை, திடீர் மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு வருபவருக்கு, மருத்துவமனையை அடைந்த பத்து நிமிடங்களுக்குள் ஈசிஜி எடுக்கப்பட வேண்டும் என்பது உலகளாவிய நெறி. சர்க்கரை நோயாளிகளிடமும் பெண்களிடமும் முதியவர்களிடமும் வலியே இல்லாமல் களைப்பும் குமட்டலும் மட்டும் இருக்கக்கூடும். வாயுத் தொல்லை என்று எண்ணி விடியும்வரை வீட்டில் காத்திருக்கக் கூடாது. முதல் ஈசிஜி இயல்பென்று சொல்லப்பட்டும் வலி நீடித்தால், சிறிது நேரம் கழித்து இன்னொன்று எடுக்கவும், ட்ரோபோனினை இரண்டாம் முறை அளக்கவும் நோயாளியின் உறவினர்கள் தயங்காமல் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பது மருத்துவரை ஐயுறுவதாகாது, அவருடைய நெறிமுறை நூலிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.